எர்மிந்தா எரு கேட்ட கதை

லெமுய் தீவில் எர்மிந்தா லெவிகாயிடம் இல்லாத பழக்கம் ஒன்றே ஒன்றுதான். யாரிடமும் எதையும் கேட்க மாட்டாள். உப்பு தீர்ந்துபோனால் உப்பில்லாமல் சமைத்து, "இன்னைக்கு வயித்துக்கு இதுதான் நல்லது" என்று புருஷன் முன்னால் வைப்பாள். புருஷன் செகுந்தோ ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அவரும் வாய் திறக்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார்.

ஆனால் பிறர் கேட்டு அவள் போகாத வேலை கிடையாது. யார் வீட்டில் உருளைக்கிழங்கு தோண்டினாலும், யார் வீட்டுக் கூரைக்குப் பலகை அடித்தாலும் முதல் ஆளாக நிற்பாள். வேலையைச் செய்து முடித்து, கூடவே நாலு குறையும் சொல்லிவிட்டுத்தான் திரும்புவாள்.

பத்தொன்பது வயதில் எதிர்த் தீவிலிருந்து படகேறி வந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். வரும்போது ஒரு மரப்பெட்டியில் ஆறு வகை விதைக்கிழங்கு கொண்டுவந்தாள். ஐம்பத்தெட்டு வயதுக்குள் அது பதினெட்டு வகை ஆகியிருந்தது. கருங்கொம்பு, பசுநாக்கு, சூனியக்காரி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு தட்டு. அவற்றில் ஐந்து வகை தீவில் வேறு யாரிடமும் இல்லை. நடுவில் இரண்டு வருஷம் சிப்பி உரிக்கும் ஆலையில் வேலை பார்த்தாள். சீக்கிரம் உரி என்று மேற்பார்வையாளன் சொன்ன அன்று, "அவசரம்னா நீயே உரி" என்று கத்தியை அவன் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கால்பந்தாட்டத்தில் நடுவரைத் திட்டுவதற்கும் அவளைவிட ஆள் கிடையாது. அந்தத் திட்டைக் கேட்பதற்காகவே ஆட்டத்துக்கு வருகிறவர்கள் உண்டு.

அவளுடைய பெருமையெல்லாம் எருவில்தான். ஆட்டுக்கொட்டில் குப்பை, புயலுக்குப் பிறகு கரை ஒதுங்கும் கடற்பாசி, சாறு பிழிந்த ஆப்பிள் சக்கை, சுட்டு இடித்த சிப்பித்தூள், அடுப்புச் சாம்பல் எல்லாம் அடுக்கடுக்காகப் போட்டு ஒரு வருஷம் மூடிவைப்பாள். பூமியின் தென்பாதியில் கிடக்கும் எங்கள் தீவில் ஜூன்தான் குளிர்காலம். மழையும் குளிருமாக ஊரே அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது, அவள் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு தோட்டத்தில் நிற்பாள். மண்ணைக் கொத்த மாட்டாள். பாத்தியின் மேல் ஒரு சாண் உயரத்துக்கு எருவைப் பரப்பி விட்டுவிடுவாள். மிச்ச வேலையை மழையும் மண்புழுவும் பார்த்துக்கொள்ளும். "வசந்தத்துல எரு போடறவன், விருந்தாளி வாசலுக்கு வந்தப்புறம் அடுப்பு மூட்டறவன்" என்பாள். சொல்லிவிட்டு, யாரைச் சொன்னாளோ அவரையே பார்ப்பாள்.

பெரும்பாலும் அது எல்சீரா சிகுவாயாகத்தான் இருக்கும். மேட்டுக்கு அந்தப் பக்கத்து வீடு, ஏறக்குறைய அதே வயது, எர்மிந்தாவின் மகனுக்கு ஞானத்தாய். அந்த உறவில் இருவரும் ஒருத்தியை ஒருத்தி மதினி என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு தடவை கோயில் வாசலில் பத்துப் பேர் நடுவில் எர்மிந்தா, "மதினி, உன் வீட்டுப் பின்னாடி கெடக்கறது எருவா, நனைஞ்ச நாயா?" என்று கேட்டுவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். எல்சீராவும் சிரித்தாள். ஆனால் மறக்கவில்லை.

வினை ஒரு வறண்ட வருஷத்தில் வந்தது. மழை குறைந்து, ஆட்டுக்குப் புல் போதவில்லை. பெருநிலத்திலிருந்து ஒரு லாரி காய்ந்த புல்கட்டு கொண்டுவந்தது. எர்மிந்தா ஒரு கட்டைப் பிரித்து, முகர்ந்து, சந்தை நடுவில் நின்று தீர்ப்புச் சொன்னாள்: "முப்பது வருஷமா பாக்கறேன், இப்படி ஒரு புல்லைப் பாத்ததில்லை. ஒரு களை உண்டா பாருங்க. ஒரு முள்ளு?" அவள் நாற்பது கட்டு வாங்கினாள். அவள் சொன்னதைக் கேட்டு ஊரறிய இன்னும் மூன்று வீடு வாங்கியது.

அந்த ஆட்டு எரு மக்கிப் பாத்திக்குப் போன அடுத்த ஜனவரியில் அவள் உருளைச் செடிகள் சுருண்டன. இலைகள் விரியாமல், பிறந்த குழந்தையின் கைமாதிரி மூடிக்கொண்டே வந்தன. பட்டாணியும் அப்படியே. பூண்டு மட்டும் ஒன்றும் நடக்காததுபோல நின்றது. விவசாய அலுவலகத்திலிருந்து யாஸ்னா என்ற இளம்பெண் வந்து, செடியைப் பார்த்து, எருக்குவியலைப் பார்த்து, கடைசியில் கொட்டிலில் மிச்சமிருந்த புல்லைப் பார்த்தாள்.

"இந்தப் புல்லுல ஏன் ஒரு களைகூட இல்லைன்னு யோசிச்சீங்களா, எர்மிந்தாம்மா?"

எர்மிந்தா ஒரு பிடி புல்லை எடுத்து மறுபடி முகர்ந்தாள்.

"களைக்கொல்லி அடிச்சிருக்காங்க. ஆடு தின்னா ஆட்டுக்கு ஒண்ணும் ஆகாது. மருந்து அப்படியே புழுக்கையில வந்துரும். மக்கினாலும் சீக்கிரம் போகாது. புல்லு வகையை ஒண்ணும் பண்ணாது. உருளை, அவரை, பட்டாணின்னா சுருட்டிரும்."

"எத்தனை நாளைக்கு?"

"ரெண்டு வருஷம் இந்தப் பாத்தியில கிழங்கு வெக்காதீங்க. இந்த எருவை எங்கயும் போடாதீங்க."

விதைக்கிழங்கு இரண்டு வருஷம் காத்திருக்காது. ஒரு வருஷம் மண்ணில் வைக்காவிட்டால் சுருங்கிச் செத்துப்போகும். மார்ச்சில் அவள் தோண்டியபோது நெல்லிக்காய் அளவில், வகைக்கு இருபது முப்பது கிடைத்தது. சுத்தமான மண்ணில் வைத்தால் தேறிவிடும் என்றாள் யாஸ்னா. சுத்தமான மண் என்று பார்த்தால் ஆப்பிள் மரங்களுக்குக் கீழே ஒரு துண்டு நிலம் இருந்தது. எரு கண்டிராத புளித்த மண். செப்டம்பரில் அதில் கிழங்கு வைக்க வேண்டுமென்றால் இந்தக் குளிரிலேயே அதற்கு நிறைய எரு போட்டாக வேண்டும். பதினெட்டு வகையும் பிழைப்பது அந்த எருவில்தான் இருந்தது. எர்மிந்தாவிடமோ ஒரு கூடைகூட இல்லை.

"பையில வித்துக்கிட்டு வராங்களே, வாங்கலாமே" என்றாள் யாஸ்னா.

"வாங்கினதுதான் இங்க கொண்டுவந்து நிறுத்தியிருக்கு. சூடு கண்ட பூனை நான்."

எங்கள் பக்கம் மெதான் என்று ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் ஒரு பொருள் இல்லாமல் போய்விட்டால் அந்த வீட்டார் ஆடு அறுத்து, விருந்து வைத்து ஊரைக் கூப்பிடுவார்கள். வருகிறவர்கள் எல்லோரும் அந்த ஒரு பொருளைக் கொண்டுவர வேண்டும். கோழி மெதான் என்றால் கோழி, கம்பளி மெதான் என்றால் கம்பளி. கையை வீசிக்கொண்டு வருகிறவரை யாரும் துரத்த மாட்டார்கள். ஆனால் அவரே தட்டைத் தொட மாட்டார். ஒரே ஒரு கண்டிப்பு: வீட்டுக்காரர் வீடு வீடாகப் போய், வாசலில் நின்று, வாயால் கேட்க வேண்டும். ஆள் அனுப்பினால் செல்லாது. போனில் சொன்னாலும் செல்லாது.

மூன்று நாள் எர்மிந்தா வாசல் தாண்டவில்லை. நாலாம் நாள் காலையில் பதினெட்டுத் தட்டையும் மேசைமேல் பரப்பி, ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு நல்ல கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"எங்க?" என்றார் செகுந்தோ.

"கேக்கப் போறேன்."

அவர் கையிலிருந்த விறகு அப்படியே நின்றது.

எரு மெதான் என்று ஒன்றை அதுவரை யாரும் கேள்விப்பட்டதில்லை. அதிலும் எர்மிந்தா போன வீட்டிலெல்லாம் இரண்டு காரியம் செய்தாள். அந்த லாரிப் புல்லை வாங்கினீர்களா என்று கேட்டாள். அப்புறம், எருவில் ஒரு பிடி இப்போதே வேண்டும், டின்னில் போட்டு அவரை விதைத்துப் பார்க்க வேண்டும் என்றாள். கேட்க வந்த இடத்தில் சோதனை. முதல் வீட்டுப் பிலிமோன் வாய்விட்டுச் சிரித்தார். ஊரில் எதற்கும் ஒரு கேலி வைத்திருக்கிற மனுஷன் அவர்.

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கக்கூடாதுன்னு சொல்லுவாங்க. நீ மாடு வர்றதுக்கு முன்னாடியே பல்லைக் கேக்கறியே."

"என் கிழங்கு செத்தா நீங்களா அழுவீங்க?"

"எனக்கு மாட்டேன்னு சொல்ல வாய் இல்லை. அள்ளிக்கோ."

லாரிப் புல் வாங்கிய மூன்று வீட்டாரும், அது ஆட்டுக்குப் போனது, எரு தர முடியாது, விறகாவது கொண்டுவருகிறோம் என்று நேராகவே சொல்லிவிட்டார்கள். எல்சீரா வீட்டைக் கடைசியாக வைத்திருந்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது. எல்சீரா கதவைத் திறந்து, உள்ளே வா என்று சொல்லாமல் நின்றாள்.

"யாரு, எர்மிந்தாவா? வாசல் மாறி வந்துட்டியா மதினி?"

"மாறலை. கேக்க வந்தேன்."

"நீயா? என்ன கேக்க?"

"எரு வேணும் மதினி. மெதான் வெக்கறேன். வந்து, கொடுத்து, சாப்பிட்டுட்டுப் போ."

எல்சீரா கையைத் துணியில் மெதுவாகத் துடைத்தாள். "நனைஞ்ச நாய் நாத்தம் அடிக்குமே, பரவாயில்லையா?"

எர்மிந்தாவுக்குக் காதுமடல் சிவந்தது. ஆனாலும் நகரவில்லை. "பரவாயில்லை. என்கிட்ட இப்போ நாய்கூட இல்லை."

அதற்கு எல்சீராவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. உள்ளே வரச் சொன்னாள். மாத்தே தேநீர் கொடுத்தாள்.

"லாரிப் புல்லு வாங்கினியா?"

"நான் எதுக்கு வாங்கணும்? நீ வாங்கினா நானும் வாங்கணும்னு சட்டமா?"

ஒரு பிடிக்கு இரண்டு பிடியாக அள்ளிக் கொடுத்து அனுப்பினாள்.

பதினோரு வீட்டு எருவும் பதினோரு பால்பவுடர் டின்னில், அடுப்புக்கு மேலிருந்த பலகையில் ஜன்னலோரம் வரிசையாக நின்றது. ஒவ்வொன்றிலும் மூன்று அவரை. பத்து நாளில் எல்லாம் தலைகாட்டின. முதல் இரண்டு இலை எல்லாவற்றிலும் ஒழுங்காக விரிந்தது. எர்மிந்தா ஒரு நாளைக்கு இருபது தடவை போய்ப் பார்ப்பாள். மெதானுக்கு நாள் குறித்தாயிற்று. ஆடும் அறுத்தாயிற்று. அன்று விடிந்ததும் விளக்கைப் பிடித்துப் பார்த்தாள். பத்து டின்னில் மூன்றாம் இலை விரிந்திருந்தது. எல்சீராவின் டின்னில் மூன்று செடியும் சுருட்டிக்கொண்டு நின்றன.

அந்தச் சுருட்டலை அவள் ஒரு முழுக் கோடை பார்த்தவள். டின்னை எடுத்து மாவுப்பெட்டிக்குப் பின்னால் வைத்தாள்.

பதினோரு மணிக்கெல்லாம் மழையோடு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். தோளில் ஒரு மூட்டை, கைவண்டியில் இரண்டு மூட்டை. எருவோ அதற்குப் பதில் விறகோ இல்லாமல் யாரும் வரவில்லை. பிலிமோன் மூட்டையை இறக்கி, "பல்லு ஏற்கெனவே பாத்தாச்சு, வாலு மட்டும் பாத்துக்கோ" என்றார். வீட்டுக்குள் ஆட்டுக்கறியும் உருளைமாவு ரொட்டியும் வெந்துகொண்டிருந்தன. ஆப்பிள் மது குவளை குவளையாகப் போனது. கடைசியாக மேட்டிலிருந்து எல்சீரா வந்தாள். இரண்டு காளை பூட்டிய, சக்கரமில்லாத சறுக்குவண்டி, அதில் பன்னிரண்டு மூட்டை. முன்னால் அவளே கோல் பிடித்து நடந்து வந்தாள். ஊரே வாசலுக்கு வந்து பார்த்தது.

"எங்க இறக்கட்டும்?" என்றாள் எல்சீரா. நனைஞ்ச நாய்க்கு இதுதான் பதில் என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது.

நடுவரைத் திட்டும் வாய், கோயில் வாசலில் யாரையும் விடாத வாய், அன்றைக்கு எர்மிந்தாவுக்கு ஒட்டிக்கொண்டது. பேசாமல் இறக்கி வைத்துவிட்டு, பிறகு சத்தமில்லாமல் அப்புறப்படுத்திவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். ஆனால் எல்சீரா வீட்டிலும் இதே குவியல்தான் கிடக்கும், வசந்தத்தில் அவள் தோட்டத்துக்கும் போகும்.

"இறக்காத மதினி. கொஞ்சம் உள்ள வா."

சமையலறையில் செகுந்தோ மட்டும் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தார். எர்மிந்தா டின்னை எடுத்து மேசைமேல் வைத்தாள். பக்கத்தில் பிலிமோனின் டின்னையும் வைத்தாள். எல்சீரா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இது யாரோடது?"

"உன்னோடது."

"ஊரைக் கூட்டி வெச்சு என்னை அவமானப்படுத்தவா இத்தனை ஏற்பாடு?"

"ஊரை வெளியில விட்டுட்டுத்தான் உன்னைக் கூப்பிட்டேன். லாரிப் புல்லு வாங்கினியா, இல்லையா?"

வெளியே யாரோ அக்கார்டியனை இழுத்துப் பார்க்கும் சத்தம் கேட்டது. எல்சீரா சுருண்ட இலை ஒன்றை விரலால் நிமிர்த்தப் பார்த்தாள். விட்டதும் அது மறுபடி சுருண்டது.

"மகனை அனுப்பி வாங்கினேன்" என்றாள். "நீ சொன்னதைக் கேட்டு வாங்கினேன்னு உனக்குத் தெரியக்கூடாதுன்னு. என் தோட்டத்துல இந்த எருவை இன்னும் போடலை, ஒண்ணும் ஆகாதுன்னு இருந்தேன். ஒரு களைகூட இல்லைன்னு நீதானே சொன்ன?"

"நான்தான் சொன்னேன்." எர்மிந்தா உட்கார்ந்துவிட்டாள். கண் கலங்கியது. அதை அவள் மறைக்கவில்லை. "என் வாயால வந்தது மதினி. உன் வீட்டுக்கும் வந்துருச்சு. தப்பு என்னோடது."

"புல்லு உன் தப்பு. பொய் என் தப்பு." எல்சீரா எழுந்து சால்வையை இழுத்துப் போர்த்தினாள். "வண்டியைத் திருப்பிக்கிட்டுப் போறேன். கை வீசி வந்தவளுக்கு இங்க தட்டு கிடையாது."

அப்போதுதான் செகுந்தோ வாய் திறந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுகிறவர் அவர்தான்.

"கோல் வாசல் ரெண்டும் மொட்டையா கெடக்கு."

இரண்டு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"புல்லை ஒண்ணும் பண்ணாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சே" என்றார். அன்றைய பங்கு வார்த்தை முடிந்துவிட்டது. மறுபடி அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

எர்மிந்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வாசலுக்குப் போய், மழையில் நின்று, எல்லோருக்கும் கேட்கிறமாதிரி சொன்னாள்: "எல்சீராவோட பன்னெண்டு மூட்டையும் ஏத்துக்கிட்டாச்சு. அது கால்பந்து மைதானத்துக்கு. என்னோட குவியலும் அங்கதான் போகுது. ரெண்டும் லாரிப் புல்லு தின்ன ஆட்டு எரு. அந்தப் புல்லு நல்லதுன்னு சந்தையில கத்தினது நான். அதனால நீங்க கொண்டுவந்ததுல பாதி எனக்கு, பாதி எல்சீரா தோட்டத்துக்கு. யாருக்காவது மனக்குறை இருந்தா இப்பவே சொல்லிருங்க, சாப்பாட்டுக்கு அப்புறம் சொன்னா கேக்க மாட்டேன்."

"ஒரு விருந்துக்கு ரெண்டு மெதானா?" என்றார் பிலிமோன். "அப்ப ரெண்டு தடவை சாப்பிடலாம்."

எல்சீரா கதவோரமாக நின்றாள். "பாதி உனக்குப் போதுமா?" என்று கேட்டாள்.

"போதாது" என்றாள் எர்மிந்தா. "அதனால விதையிலயும் பாதி உன்கிட்ட வரும். பதினெட்டு வகையும். நல்லா வெக்கலைன்னா அப்புறம் இருக்கு உனக்கு."

எல்சீரா தட்டை எடுத்தாள். இரண்டாவது தடவையும் கறி வாங்கினாள்.

அன்று மாலைக்குள் ஆப்பிள் மரத்தடி நிலம் கறுத்துப் போனது. கொத்தாமல், மிதிக்காமல், பாத்தி பாத்தியாகப் பரப்பினார்கள். எர்மிந்தா ஒவ்வொருவர் பின்னாலும் போய் உயரம் போதாது, உயரம் போதாது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மிச்ச மூட்டைகள் அதே சறுக்குவண்டியில் மேடேறின. செப்டம்பர்வரை மழை தன் வேலையைப் பார்த்தது. செப்டம்பரில் இரண்டு தோட்டத்திலும் கிழங்கு இறங்கியது. நவம்பரில் மைதானத்தின் இரண்டு கோல் வாசலிலும் புல் முட்டி உயரம் வந்தது. பந்து அதில் மாட்டிக்கொண்டு நின்றதால் உள்ளூர் அணி ஒரு கோல் வாங்காமல் தப்பித்தது. எந்த வாசல் யாருடைய எரு என்று இரண்டு பேரும் ஆட்டம் முழுக்கச் சண்டை போட்டார்கள். நடுவருக்கு அன்று நிம்மதி.

மார்ச்சில் எர்மிந்தா தோண்டினாள். இலை ஒன்றுகூடச் சுருளவில்லை, கிழங்கு கைநிறைய வந்தது. பதினேழு தட்டு நிறைந்தது. சூனியக்காரி வைத்த மூலையில் மட்டும் தண்ணீர் தேங்கி எல்லாம் அழுகிப்போயிருந்தது. தீவில் வேறு யாரிடமும் இல்லாத ஐந்தில் அது ஒன்று. அவள் மண்ணை மூன்று தடவை கையால் துழாவினாள். அதற்குப் பிறகு ஒரு வாரம் பதினெட்டாவது தட்டு காலியாக அலமாரியில் இருந்தது. எல்சீராவும் தோண்டிவிட்டாள் என்று ஊரில் பேச்சு. ஒரு செய்தியும் வரவில்லை.

எட்டாம் நாள் எல்சீரா வந்தாள். துணி மூடிய கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மாத்தே குடித்தாள். காற்றைப் பற்றிப் பேசினாள். முட்டி வலியைப் பற்றிப் பேசினாள். துணியை மட்டும் எடுக்கவில்லை.

"கூடையில என்ன மதினி?"

"ஒண்ணுமில்லை."

"எனக்கு பதினேழுதான் வந்துச்சு."

"கேள்விப்பட்டேன்." எல்சீரா இன்னொரு வாய் குடித்தாள். "வேணும்னா வாயால கேளு. ஒரு தடவை கேட்டவதானே."

"சூனியக்காரி வேணும் மதினி. கொடு."

இந்தத் தடவை காதுமடல் சிவக்கவில்லை. எல்சீரா துணியை எடுத்தாள். கறுப்பாக, முண்டும் முடிச்சுமாக, கூடை நிறைய இருந்தது. எர்மிந்தா ஒன்றை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்துத் திருப்பினாள். முளைக்கண்களை எண்ணினாள். நகத்தால் தோலைக் கீறி முகர்ந்து பார்த்தாள்.

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கற."

"பாப்பேன்" என்றாள் எர்மிந்தா. "உன் மாடுன்னா ரெண்டு தடவை பாப்பேன்."

பார்த்து முடித்து, காலித் தட்டை எடுத்துவந்து, ஒவ்வொன்றாக அடுக்கினாள்.